சடன் பிரேக் அடித்த பிறகு முன் டயரில் "டப் டப்" சத்தம்: பேலன்சிங் போதுமா, டயரையே மாற்ற வேண்டுமா?

தாம்பரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு இரவு செங்கல்பட்டில் இருந்து திரும்பி வரும்போது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் பெட்டியோடு நடுத்தடுப்பைத் தாண்டிக் குதித்தார். 80-க்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். மிதித்த மிதியில் வண்டி கிறீச்சென்று இழுத்துக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

அதில் இருந்து வண்டி 40-ஐத் தொட்டால் முன்பக்கம் டப் டப் டப் என்று தட்டுகிறது. 60-இல் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. 80-க்கு மேல் அந்தத் தட்டல் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. 2018 மாடல் ஹேட்ச்பேக், இரண்டாம் கையாக வாங்கியது. டயர் 185/65 ஆர்15, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) பாதிக்கு மேல் இருக்கிறது.

வீட்டுப் பக்கத்து டயர் கடையில் பேலன்சிங் (ரிம்மில் சின்ன வெயிட் ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது) போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

ஓஎம்ஆர் ஓட்டி:
பேலன்சிங் போட்டுப் பாருங்கள் ப்ரோ. சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி ஒரு பள்ளத்தில் இறக்கி எனக்கும் இப்படித்தான் ஆட ஆரம்பித்தது. வெயிட் ஒட்டினார்கள், சரியாகிவிட்டது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு நாலு டயர் எதற்கு?

பழைய ஸ்பானர்:
ஓஎம்ஆர் தம்பிக்கு நடந்தது வேறு. பள்ளத்தில் விழுந்ததில் ரிம்மில் இருந்த வெயிட் கழன்றிருக்கும், அதற்குப் பேலன்சிங் சரி. தாம்பரம் தம்பியின் டயர் ஒரு இடத்தில் சப்பையாகியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பேலன்சிங் மிஷின் பார்ப்பது எடையை மட்டும்தான். தேய்ந்துபோன ரப்பருக்கு ஈடாக ஈயத்தை ஒட்டினால் மிஷினில் சைபர் வந்துவிடும், கடைக்காரரும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். ஆனால் அந்தச் சப்பை கீழே வரும்போதெல்லாம் தட்டத்தான் செய்யும்.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும்போது பிரேக் பிடித்தால், வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிற வேலை பிரேக் டிஸ்க்குக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும். சக்கரம் ஜாம் ஆகிவிட்டால் டிஸ்க் சும்மா நிற்கிறது. அந்த வேலை முழுக்கத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளங்கை அகல ரப்பரின் தலையில் விழுகிறது. உங்கள் டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் பரவ வேண்டிய தேய்மானத்தை ஒரே இடம் வாங்கிக்கொள்கிறது. வேகம் ஏற ஏற இது மோசமாகும். 60-இல் இருந்து நிற்பதைவிட 80-இல் இருந்து நிற்க 1.8 மடங்கு ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும்.

சத்தம் மாறுவதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த அளவு டயர் 40-இல் நொடிக்கு ஐந்தரைச் சுற்றுக்கு மேல் சுற்றும், 60-இல் எட்டரை, 80-இல் பதினொன்றுக்கு மேல். நொடிக்கு ஐந்து ஆறு தட்டு என்றால் காது பிரித்துக் கேட்கும். பதினொன்று என்றால் ஒட்டிக்கொள்ளும்.

இருந்தாலும் நான் சொல்கிறேன் என்று உடனே டயரைக் கழற்ற வேண்டாம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். 60-இல் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இஞ்சின் சத்தம் இறங்கியும் தட்டல் அப்படியே இருந்தால், இஞ்சினும் அதன் மவுண்டும் குற்றவாளி இல்லை. அப்புறம் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வளைக்கும்போது இரைச்சல் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் மிதி காலில் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. இந்த மூன்றும் இல்லை என்றால் டயர்தான்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளங்கையை டயர்மேல் வைத்து வாருங்கள். சப்பையான இடம் வழவழவென்று தட்டுப்படும், ஓரத்தில் ரப்பர் சுருண்டு நிற்கும். அங்கே சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அந்த இடத்திலும் அதற்கு நேர் எதிரிலும் பட்டன் ஆழத்தை அளந்து இங்கே எழுதுங்கள். ஆழமானி விலை அதிகம் இல்லை, நல்ல டயர் கடையில் கேட்டால் அவர்களே அளந்தும் கொடுப்பார்கள். அதற்குள் எங்கேயாவது உள்ளே இருக்கும் நூலோ கம்பியோ தெரிந்தால் ஓட்டக்கூடாது. அங்கேயே ஸ்டெப்னி மாட்டிவிடுங்கள்.

மேம்பாலத்தில் கார்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு வேளச்சேரியில். மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் தெருக் கார்கள் எல்லாம் மேம்பாலத்தில்தான் நிற்கும், 2024 அக்டோபரில் படத்தோடு செய்தியிலேயே வந்தோம். அப்படி நிறுத்திவிட்டு எடுத்தால் முதல் கொஞ்ச தூரம் வண்டி இதே மாதிரி தட்டுகிறது, அப்புறம் தானாகப் போய்விடுகிறது. அதுவும் டயர் சப்பையானதுதானா?

பழைய ஸ்பானர்:
சப்பைதான் அம்மா, ஆனால் வேறு வகை. டயரில் பட்டனுக்குக் கீழே நைலான் பட்டை இருக்கும். ஓடிச் சூடான டயரோடு வண்டியை நிறுத்தினால், ஆறும்போது கீழே அமுங்கின வடிவத்திலேயே நைலான் விறைத்துக்கொள்ளும். திரும்ப ஓடிச் சூடேறினால் பழைய வட்டத்துக்கு வந்துவிடும். இதில் ரப்பர் எதுவும் போகவில்லை. காற்று குறைவாக இருந்தால் கூடுதலாகத் தெரியும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் சில டயர்கள் அப்படியே நிரந்தரமாகிப்போனதும் உண்டு.

மழைநீரில் நின்ற வண்டிக்கு இன்னொரு வம்பு இருக்கிறது. பின்னால் டிரம் பிரேக் உள்ள காரை ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தில் விட்டுவிட்டால், பிரேக் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். லீவரை இறக்கியாயிற்றே என்று கிளம்புவோம், பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபடும். ஈரத் தரை என்பதால் உடனே தெரியாது. தெருமுனை தாண்டுவதற்குள் பின் டயரில் ஒரு சப்பை விழுந்திருக்கும். சமதரையில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம். மேம்பாலச் சரிவில் மட்டும் ஹேண்ட் பிரேக் இல்லாமல் விடாதீர்கள், கல்லை நம்பி அங்கே விட முடியாது.

மின்ரயில் ரசிகன்:
இதே சத்தத்தைப் பீச்–தாம்பரம் மின்ரயிலில் கேட்டிருப்பீர்கள். சில பெட்டியில் உட்கார்ந்தால் மட்டும் தண்டவாள இணைப்பே இல்லாத இடத்திலும் டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே வரும். பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் இழுபட்டால் இரும்பும் சப்பையாகும். ரயில்வேயில் இதைச் சும்மா விடுவதில்லை, தட்டுகிற தட்டில் தண்டவாளமே விரிசல் விடலாம். கடந்துபோகும் ரயிலின் சக்கரம் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அளக்கும் கருவியைத் தண்டவாளத்திலேயே சில இடங்களில் பொருத்தியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட சக்கரம் கடைசலுக்குப் போய் வட்டமாகத் திரும்பும்.

ஓஎம்ஆர் ஓட்டி:
அப்படியென்றால் டயரையும் கடைசல் பிடிக்கலாமே?

டிராக் டே:
பிடிக்கலாம். டயரை ஓடவிட்டு ரப்பரைச் சீவி வட்டமாக்குகிற எந்திரம் பந்தய உலகில் உண்டு. ஆனால் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவையும் டயர் முழுக்கச் சீவி எறிய வேண்டும். புது டயரில் பட்டன் ஏழெட்டு மில்லிமீட்டர்தான். ஓடித் தேய்ந்த டயரில் அதைச் செய்தால் மிச்சம் என்ன இருக்கும்?

இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் வார இறுதியில் வந்து நின்றால் இந்தச் சத்தத்தை நிறையக் கேட்கலாம். நேர்ச்சாலை முடியும் இடத்தில் பிரேக்கைத் தாமதமாக மிதித்தால் ஒரு வெள்ளைப் புகை, அடுத்த சுற்றில் இருந்து டப் டப். ஒரு தடவை சப்பையான டயர், அடுத்த தடவை பிரேக் அடிக்கும்போதும் அதே இடத்தில் வந்து ஜாம் ஆகத்தான் பார்க்கும், அதனால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும்.

இதில் உச்சம் 2005 ஐரோப்பிய கிராண்ட் பிரி, பார்முலா ஒன் கார்ப் பந்தயம். நூர்பர்க்ரிங்கில் கிமி ராய்க்கோனன் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். முன் டயர் ஒன்று சப்பையாகிவிட்டது. அந்த வருட விதிப்படி பந்தயத்தின் நடுவில் சும்மா டயர் மாற்ற முடியாது. அதிர்வோடு ஓட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றின் முதல் வளைவுக்கு வரும்போது சஸ்பென்ஷன் முறிந்தது. பின்னால் வந்த அலோன்சோ ஜெயித்தார். நம் வண்டி அந்த வேகத்தில் போவதில்லை, சரி. ஆனாலும் அதிர்ச்சி போய்ச் சேருகிற இடம் அதேதான்: பேரிங், பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஷாக் அப்சார்பர் புஷ். டயரை மிச்சம் பிடிக்கப் போய் இவற்றை மாற்றினால் கணக்கு உதைக்கும்.

தாம்பரம்வாசி:
சொன்னபடி செய்தேன் சார். நியூட்ரலில் தட்டல் அப்படியே இருக்கிறது. வளைத்தால் மாற்றம் இல்லை. பிரேக்கில் மிதி அதிரவில்லை.

அளவு: முன் வலது டயர் எல்லா இடத்திலும் 5.1 மில்லிமீட்டர், சப்பையான இடத்தில் 2.9. முன் இடது 5.2, சப்பையில் 4.4. பின் டயர் இரண்டும் 5.4, சேதம் எதுவும் இல்லை. நூல், கம்பி எங்கேயும் தெரியவில்லை. வலது மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

பழைய ஸ்பானர்:
நடுத்தடுப்பை ஒட்டி வந்தீர்கள் அல்லவா? ஜிஎஸ்டி சாலையில் அந்த ஓரத்தில் எப்போதும் மணல் கிடக்கும். வலது சக்கரம் மணலில் ஏறியதும் பிடிப்பு போய் முதலில் ஜாம் ஆகியிருக்கும். ஜாம் ஆன சக்கரம் திரும்பத் தார்மேல் வந்தாலும் மிதியை விட்டால் தவிர மறுபடி சுற்றாது. அந்த நேரத்தில் யார் மிதியை விடுவார்கள்?

வலது டயரில் 2.2 மில்லிமீட்டர் பள்ளம். அது ஓட ஓடச் சரியாகாது, தட்டித் தட்டி அந்த இடமே இன்னும் வேகமாகத் தேயும். சட்டப்படி 1.6-க்குக் கீழே போகக்கூடாது, பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேடு அதற்கான அடையாளம். இப்போது அதற்கு மேலே இருக்கிறது என்றாலும் கழற்றிவிடுங்கள். இடது டயரின் 0.8 பள்ளம் பெரிய சேதம் இல்லை, ஸ்டெப்னிக்குத் தாராளமாகப் போதும். நாலும் மாற்றச் சொன்ன கடைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரே அச்சில் இரண்டு, அவ்வளவுதான்.

மேம்பாலத்தில் கார்:
எனக்கு இன்னொரு சந்தேகம். 2018 கார் என்கிறார். பிரேக் அடிக்கும்போது வீல் ஜாம் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் அதில் இல்லையா? இருந்தால் வீல் எப்படி ஜாம் ஆகும்?

பழைய ஸ்பானர்:
அளவு வரட்டும் என்றுதான் காத்திருந்தேன், அடுத்த கேள்வி அதுதான். 2019 ஏப்ரலில் இருந்துதான் புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முன்னால் விலை குறைந்த வேரியன்ட் பலவற்றில் கிடையாது. தம்பி, உங்கள் வேரியன்ட்டில் உண்டா? அன்றைக்கு மிதித்தபோது மிதி காலடியில் கடகடவென்று திருப்பி உதைத்ததா?

தாம்பரம்வாசி:
கம்பெனி பட்டியலில் ஏபிஎஸ் உண்டு என்று இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் குழாய்கள் போகும் அந்தப் பெட்டியும் இருக்கிறது. ஆனால் மிதி உதைக்கவே இல்லை, கல் மாதிரி நின்றது. டாஷ்போர்டில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லையே?

பழைய ஸ்பானர்:
ஓடும்போது எரியாதது சரி. சாவியைத் திருப்பியவுடன் எரிகிறதா? நல்ல வண்டியில் சாவி போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு சில நொடி எரிந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு அணையும். அப்போதும் எரியவில்லை என்றால் விளக்கையே யாரோ ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கை வண்டிகளில் இது நடக்கிறது. சென்சாரைச் சரிசெய்யக் காசு, டேப் ஒட்டக் காசில்லை.

தாம்பரம்வாசி:
இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏர்பேக், ஆயில், பேட்டரி எல்லாம் எரிந்து அணைகின்றன. ஏபிஎஸ் மட்டும் எரியவே இல்லை.

டிராக் டே:
அப்படியானால் டயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஸ்கேனர் போடுங்கள். இஞ்சினின் பிழைக் குறியீட்டை மட்டும் படிக்கிற மலிவு ஸ்கேனர் போதாது, ஏபிஎஸ் யூனிட்டோடு பேசுகிற ஸ்கேனர் வேண்டும். பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தின் வேக சென்சார்தான் போயிருக்கும். நாலு சக்கரத்தில் ஒன்றில் இருந்து தகவல் வரவில்லை என்றாலே யூனிட் தன்னை அணைத்துக்கொள்ளும், பிரேக் பழைய காலத்துப் பிரேக்காகிவிடும். சென்சார் ஒயர் ஷாக் அப்சார்பரை ஒட்டித்தான் வரும். சஸ்பென்ஷன் வேலை பார்க்கும்போது கிளிப்பில் திரும்ப மாட்டாமல் விட்டால் டயரில் உரசி அறுந்துபோகும்.

ஓஎம்ஆர் ஓட்டி:
ஏபிஎஸ் இருந்தால் டயர் சப்பையாகவே ஆகாதா?

டிராக் டே:
நடந்துபோகிற வேகத்துக்கு வண்டி இறங்கிவிட்டால் ஏபிஎஸ் ஒதுங்கிக்கொள்ளும். கடைசி ஓரடி இழுபடலாம், அதில் கீறல் விழுமே தவிர 2 மில்லிமீட்டர் போகாது. ஜாம் ஆன முன்சக்கரத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும் என்பதையும் மறக்காதீர்கள். டயர் போனதைவிட அது பெரிய விஷயம்.

ஓஎம்ஆர் ஓட்டி:
சரி, புது டயர் இரண்டையும் முன்னால்தானே போட வேண்டும்? ஸ்டீயரிங்கும் இஞ்சின் இழுப்பும் முன்னால், பிரேக் வேலையில் பெரும்பங்கும் முன்னால்.

பழைய ஸ்பானர்:
நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. டயர் கம்பெனிகளும் புதியதைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன. மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக விலகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைத் திருத்தப் பழக்கம் வேண்டும். நவம்பர் மழையில் மதுரவாயல் பைபாஸில் ஓடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தாம்பரம் தம்பியின் பின் டயர்கள் 5.4 இருக்கின்றன. அவற்றை முன்னால் கொண்டுவந்துவிட்டுப் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள்.

ஒரு முறை டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3121 என்றால் 2021-ஆம் வருடம் 31-ஆவது வாரம் செய்தது. புதியது வாங்கும்போதும் அதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். பில்லையும் பாருங்கள், 2025 செப்டம்பர் 22-இல் இருந்து கார் டயருக்கு ஜிஎஸ்டி வரி 28 சதவீதம் இல்லை, 18 சதவீதம்தான்.

மேம்பாலத்தில் கார்:
இன்சூரன்ஸில் கேட்க முடியாதா?

டிராக் டே:
டயர் மட்டும் போயிருந்தால் சாதாரண பாலிசியில் கிடைக்காது. அதே சம்பவத்தில் வண்டிக்கும் சேதம் என்றால்தான் டயருக்கும் தருவார்கள், அதுவும் பாதி விலை. டயர் கம்பெனி வாரன்டியும் உதவாது, இது தயாரிப்புக் குறை இல்லை.

தாம்பரம்வாசி:
வேலை முடிந்தது, எழுதிவிடுகிறேன். ஸ்கேனரில் முன் இடது சென்சார் என்று வந்தது. டிராக் டே சொன்ன மாதிரியே ஒயர் கிளிப்பில் இல்லை, உரசி அறுந்து பச்சை பிடித்துக் கிடந்தது. மீட்டரைக் கழற்றினால் ஏபிஎஸ் விளக்கின் மேல் கறுப்பு டேப். யார் ஒட்டியது என்று தெரியவில்லை, விற்றவரைக் கேட்டால் தனக்கு முன்னால் இருந்தவர் என்கிறார். சென்சாரை ஒயரோடு மாற்றினோம், டேப்பையும் எடுத்தாயிற்று. இப்போது சாவி போட்டால் மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறது. மெக்கானிக் ஆளில்லாத மண் தரையில் 30-இல் போய் அழுத்தி மிதித்துக் காட்டினார், மிதி கடகடவென்று உதைத்தது.

புது டயர் இரண்டு பின்னால், பின்னால் இருந்தவை முன்னால், இடது பழையது ஸ்டெப்னி இடத்தில். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. 90 வரை ஸ்டீயரிங் அசையவில்லை. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: அந்த வலது டயருக்குக் கடைக்காரர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். சப்பையான டயர் அவருக்கு எதற்கு?

பழைய ஸ்பானர்:
சூட்டுக் கத்தியால் பட்டனை ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு, நல்ல செகண்ட்ஸ் என்று இன்னொருவர் தலையில் கட்டத்தான். அப்படி வெட்டிக்கொள்ள இடம் வைத்துச் செய்த லாரி டயர்கள் உண்டு, பக்கவாட்டிலேயே அது எழுதியிருக்கும். கார் டயரில் அந்த இடம் கிடையாது, வெட்டினால் கம்பிக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. கொடுப்பதாக இருந்தால் பக்கவாட்டில் கத்தியால் நீளமாகக் கீறிவிட்டுக் கொடுங்கள்.

தாம்பரம்வாசி:
கீறிவிட்டேன் சார். இப்போது அவருக்கு வேண்டாமாம்.